கேள்வி – பதில்: தைம் எண்ணெய் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டிகளிலும், இணையக் கடைகளிலும், அழகு நிலையங்களின் அலமாரிகளிலும் இப்போதெல்லாம் தைம் எண்ணெய் என்ற சிறிய பழுப்புப் புட்டி அடிக்கடி தென்படுகிறது. அதைப் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்ட கேள்விகளை ஒன்றாகத் திரட்டி இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். வேறு நோய்க்காக மருந்து உட்கொண்டு வருபவர்கள் இவற்றைப் படித்த பிறகும் தங்கள் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள் சளிக்கு நல்லது என்று தைம் எண்ணெய் ஒரு புட்டி கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து முகர்ந்தால் நம் வீட்டு ஓமத்தின் வாசனைதான் வருகிறது. இரண்டும் ஒன்றா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தைம் என்பது ஸ்பெயின், தெற்குப் பிரான்ஸ், இத்தாலி முதலான மத்தியதரைக் கடல் நாடுகளின் வறண்ட கற்பாங்கான சரிவுகளில் வளரும் ஒரு குறுஞ்செடி. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓமமோ சீரகம், கொத்தமல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. செடிகளுக்குள் நெருங்கிய உறவு இல்லாவிட்டாலும் இரண்டின் எண்ணெயிலும் மேலோங்கி நிற்கும் பொருள் ஒன்றே; அதன் பெயர் தைமால். 1719ஆம் ஆண்டில் பெர்லின் அரண்மனை மருந்தாளரான காஸ்பர் நாய்மன் இதைத் தைம் எண்ணெயிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓம உப்பும் இதே தைமால்தான்.

உங்கள் மகள் ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. முதல் உலகப் போருக்கு முன்பு உலகச் சந்தையில் விற்ற தைமாலில் பெரும்பகுதி ஜெர்மனியில் தயாரானது. அதற்கான மூலப்பொருளோ இந்தியாவிலிருந்து கப்பலில் போன ஓமம். இன்று விற்பனைக்கு வரும் தைமாலில் பெரும்பங்கு ஆலைகளில் செயற்கையாகத் தயாராவது.

நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவல்லியும் இந்த வாசனைக் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதன் இலையில் தைமாலும், தைமாலுக்கு உடன்பிறப்பு போன்ற கார்வக்ரால் என்னும் பொருளும் உண்டு. கரீபியத் தீவுகளில் கற்பூரவல்லியைப் பெரிய இலைத் தைம் என்றே அழைத்துச் சமையலில் சேர்க்கிறார்கள். ஆகவே தைம் நமக்கு முற்றிலும் அந்நியமான சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் ஓமத்தையும் கற்பூரவல்லியையும் கையாளும் பழக்கத்தில் அந்தப் புட்டியைக் கையாளக் கூடாது. அதற்கான காரணம் அடுத்தடுத்த பதில்களில் வருகிறது.

கேள்வி: இணையத்தில் தேடினால் சிவப்புத் தைம், வெள்ளைத் தைம், தைமால் வகை, லினலூல் வகை என்று ஒரே செடியின் பெயரில் பல எண்ணெய்கள் வருகின்றன. விலையும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகிறது. எதை வாங்குவது? — வாசகர், திருச்சி

பதில்: இது வெறும் வணிகப் பகட்டு இல்லை, செடியிலேயே இருக்கும் வேறுபாடு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் தைம் செடிகள் தமக்குள் வேறு வேறு எண்ணெய்களைச் சுரக்கின்றன. தெற்குப் பிரான்சின் மோன்பெல்லியே நகரைச் சுற்றியுள்ள காட்டுத் தைம் செடிகளில் ஆறு வகைகளை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். தைமாலும் கார்வக்ராலும் மிகுந்த இரண்டும் காரமானவை. லினலூல், ஜெரானியால், துஜனால், டெர்பினியால் ஆகியவை மிகுந்த மற்ற நான்கும் மென்மையானவை. அந்த நகருக்கு வடக்கே சேன் மார்த்தேன் த லோந்த்ர் என்ற பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று அடியில் தேங்கி உறைபனி கொட்டும்; அங்கே மென்மையான வகைகளே மிகுதி. அதைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான சரிவுகளுக்கு ஏறினால் காரமான வகைகள் தொடங்கிவிடுகின்றன. காரமான எண்ணெயைச் சுரக்கும் செடிகள் கடும் உறைபனியைத் தாங்குவதில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒரே செடி இப்படி மாறுவது தாவரவியலாளர்களுக்கே வியப்பளித்த செய்தி.

வாங்குபவருக்கு இதனால் ஆவது என்ன? வகை எதுவும் குறிப்பிடாமல் தைம் எண்ணெய் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதைத் தைமால் வகை என்றே கொள்ளுங்கள். மருந்துப் பொருள்களின் தரத்தை வகுக்கும் ஐரோப்பிய மருந்து நூலின் வரையறைப்படி அதில் 37 முதல் 55 சதவீதம் வரை தைமால் இருக்க வேண்டும். தைமால் ஃபீனால் இனத்தைச் சேர்ந்தது. தோலையும் வாய், மூக்கு, கண் ஆகியவற்றின் ஈரச் சவ்வுகளையும் எரிச்சலூட்டும் தன்மை அந்த இனத்துக்கே உரியது. லினலூல் வகை தோலுக்குச் சற்றுச் சாது, விலையும் அதிகம். சிவப்பு என்பது முதல் வடிப்பில் இரும்புக் கலத்தோடு பட்டு நிறம் ஏறிய எண்ணெய். வெள்ளை என்பது அதையே மறுபடியும் வடித்துத் தெளிய வைத்தது. நிறம் வெளுத்துவிட்டதால் காரம் போய்விட்டது என்று நம்ப வேண்டாம்.

புட்டியில் செடியின் தாவரவியல் பெயர், எண்ணெய் வகை, விளைந்த நாடு, தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். தைமஸ் வல்காரிஸ் அல்லது தைமஸ் சைகிஸ் என்ற பெயர் இருக்க வேண்டும். செயற்கைத் தைமாலைக் கலந்து வாசனையைக் கூட்டுவது எளிது என்பதால், மிக மலிவாகக் கிடைப்பதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். தெரபியூட்டிக் கிரேடு, அதாவது மருத்துவத் தரம், என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதற்கு எந்த மதிப்பும் தர வேண்டாம். அப்படி ஒரு தரத்தை எந்த அரசு அமைப்பும் வகுத்துச் சான்று அளிப்பதில்லை.

கேள்வி: தினமும் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு சொட்டுத் தைம் எண்ணெயை நெய்யில் குழைத்துச் சாப்பிட்டால் குடற்புழுவும் நெஞ்சுச் சளியும் நீங்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். ஓம வாட்டர் குடிக்கிறோமே, அதுபோல இதையும் குடிக்கலாம் அல்லவா? — வாசகர், மதுரை

பதில்: குடிக்க வேண்டாம். குறிப்பாக நெய்யோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஐரோப்பிய மருந்து நூல் எதிர்பார்க்கும் தரத்தில் உள்ள ஒரு கிலோ உலர்ந்த தைம் இலையை நீராவியில் வடித்தால் குறைந்தது 12 மில்லிலிட்டர் எண்ணெய் கிடைக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 20 சொட்டு. கணக்குப் போட்டால் ஒரே ஒரு சொட்டு எண்ணெய்க்குள் சுமார் நான்கு கிராம் உலர்ந்த இலையின் சத்து அடங்கியிருக்கிறது. கஷாயத்துக்கு ஒரு குவளைக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் இலைதான் போடுவார்கள். அந்த இலையில் உள்ள எண்ணெய் முழுவதும் நீரில் இறங்குவதும் இல்லை. ஓம வாட்டரும் இப்படித்தான்: ஓமத்தை நீரோடு வடித்தெடுத்த, எண்ணெய் மிகக் குறைவாகவே கரைந்துள்ள நீர் அது. அதைக் குடித்துப் பழகிய துணிச்சலில் எண்ணெயையே வாயில் விடுவது முற்றிலும் வேறு செயல். கலக்காத எண்ணெய் நாக்கில் பட்டாலே சுரீர் என்று எரியும். தொண்டையும் இரைப்பையும் அதே சவ்வால் ஆனவைதாம்.

புழுவுக்குத் தைமால் கொடுத்த வரலாறு உண்மையானதே; அதைக் காணொளி பாதியோடு நிறுத்திவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்கு முதன்மையான மருந்தாக இருந்தது தைமால். 1909ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருஞ்செல்வர் ராக்பெல்லரின் நிதியில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இதைத்தான் ஆயிரக்கணக்கான மக்களுக்குக் கொடுத்தது. முதல் நாள் இரவு பேதி உப்பு, மறுநாள் காலையில் தைமால் மாத்திரைகள், அதன் பின் மறுபடியும் பேதி உப்பு என்பது முறை. உள்ளே போன தைமால் புழுவைக் கொன்றுவிட்டு இரத்தத்தில் கலக்காமல் வெளியேறிவிட வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடு. அன்று நோயாளிகளுக்குச் சொன்ன கண்டிப்பான விதி, அந்த நாளில் வெண்ணெய், பால், எண்ணெய், மது எதையும் தொடக் கூடாது என்பது. கொழுப்பிலும் மதுவிலும் தைமால் எளிதில் கரைந்து உடலுக்குள் ஏறும். ஏறினால் தலைச்சுற்றல், மயக்கம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். நெய்யில் குழைத்துச் சாப்பிடச் சொல்லும் காணொளி, நூறு ஆண்டுகளுக்கு முன்பே கூடாது என்று விலக்கிய முறையை அப்படியே தலைகீழாகப் பரிந்துரைக்கிறது. இரண்டு சொட்டில் உயிர் போய்விடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் தினமும் என்று தொடங்குபவர் இரண்டோடு நிற்பதும் அரிது.

தைமாலைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்த பின் அதைப் புழுவுக்குக் கொடுக்கும் வழக்கம் ஒழிந்தது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுதோறும் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை விலை மலிவு, ஒரு வேளையோடு முடிந்துவிடும்.

சளி, இருமல் பற்றிச் சொன்னது வேறு. அதில் தைமுக்கு நியாயமான பெயர் உண்டு. ஜெர்மனியில் தைம் இலைச் சாற்றையும் ஐவி என்ற படர்கொடியின் இலைச் சாற்றையும் சேர்த்த இருமல் மருந்தை, மூச்சுக்குழல் அழற்சி உள்ள 361 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். மருந்து கலக்காத போலித் திரவம் குடித்தவர்களைவிட அதைக் குடித்தவர்களுக்கு இருமல் விரைவாகக் குறைந்தது. ஆனால் அது அளவிட்டுத் தயாரித்த இலைச்சாறு. உங்கள் கையில் இருக்கும் எண்ணெய் அன்று. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு தைம் எண்ணெய்க்கும் இடம் கொடுத்திருப்பது உண்மை. அதுவும் நீண்டகாலப் பழக்கம் உண்டு என்ற அடிப்படையில் கொடுத்த இடமே தவிர, சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட்டது என்ற முத்திரை இல்லை. மருந்துக் கடையில் அளவு குறித்து விற்கும் தயாரிப்புகளை மனத்தில் வைத்துச் சொன்னதை, அழகுப் பொருளாக விற்கும் புட்டிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்றவற்றை உட்கொள்பவர்கள், இரைப்பைப் புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தத் தடை இரட்டிப்பாகப் பொருந்தும். தைமால் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

இலையைப் பற்றி அச்சம் வேண்டாம். நீலகிரியில் ரோஸ்மேரியோடு தைமும் பயிராகிறது. உலர்ந்த இலை உதகை, குன்னூர்க் கடைகளில் கிடைக்கும். ரசத்தில் போட்டாலும் தேநீராகக் காய்ச்சினாலும் அது உணவுதான்.

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு மூக்கடைப்பு வந்தால் யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடிக்க வைப்போம். அதற்குப் பதிலாகத் தைம் எண்ணெய் விடலாமா? — வாசகி, ஈரோடு

பதில்: நான்கு வயதுக் குழந்தைக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்தி ஆவி பிடிப்பதையே நிறுத்திவிடுங்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்து வரும் குழந்தைகளைத் தீக்காயப் பிரிவு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அதற்குள் எந்த எண்ணெயை விடுவது என்பது இரண்டாவது கேள்வி. தைமால் ஆவி கண்ணில் பட்டால் பெரியவர்களாலேயே பொறுக்க முடியாது. கைக்குழந்தைகளின் மூக்கருகே காரமான எந்தத் தைலத்தையும் கொண்டுபோனால் மூச்சுக்குழல் திடீரென்று இறுகிக்கொள்ளக்கூடும். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

பெரியவர்கள் ஆவி பிடிப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய நீரில் ஒரே ஒரு சொட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, சில நிமிடங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதுவும் ஆகாது.

கேள்வி: புழுவெட்டு விழுந்த இடத்தில் தைம் எண்ணெய் தேய்த்தால் முடி முளைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதாமே? பொதுவான முடி உதிர்தலுக்கும் அது உதவுமா? — வாசகர், வேலூர்

பதில்: சான்று இருக்கிறது, ஆனால் அது எதற்கான சான்று என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் தோல்நோய் மருத்துவர்கள் புழுவெட்டு உள்ள 86 பேரிடம் நடத்திய சோதனை 1998இல் வெளியானது. ஒரு பிரிவினர் தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், சிடார் மர எண்ணெய் ஆகிய நான்கையும் ஹொஹோபா எண்ணெயும் திராட்சை விதை எண்ணெயும் சேர்ந்த கலவையில் விட்டு ஏழு மாதங்கள் நாள்தோறும் மண்டைத்தோலில் தேய்த்தார்கள். மற்றப் பிரிவினர் அந்த நான்கும் இல்லாத வெறும் எண்ணெயைத் தேய்த்தார்கள். நறுமண எண்ணெய்ப் பிரிவில் 43 பேரில் 19 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மற்றப் பிரிவில் 41 பேரில் 6 பேருக்கு.

வேறுபாடு குறிப்பிடத்தக்கதுதான். ஆனால் நான்கு எண்ணெய்களில் எது வேலை செய்தது என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. வாசனை வீசும் எண்ணெயையும் வீசாத எண்ணெயையும் தேய்த்தவர்கள், தாங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதை ஊகித்திருக்கவும் கூடும். புழுவெட்டு என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிக்கால்களைத் தாக்குவதால் வருவது, பலருக்குத் தானாகவும் திரும்ப முளைத்துவிடும். பரம்பரையாக முன்னெற்றியில் தொடங்கி வரும் சொட்டைக்கும், பிரசவத்துக்குப் பின்னோ டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பின்னோ கொத்தாக உதிர்வதற்கும் காரணங்கள் வேறு. இந்தச் சோதனை அவற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முக்கியமான செய்தி கலவையின் அளவில் இருக்கிறது. 23 மில்லிலிட்டர் எண்ணெயில் அவர்கள் விட்ட தைம் எண்ணெய் இரண்டே சொட்டு, அதாவது அரை சதவீதத்துக்கும் குறைவு. புட்டியிலிருந்து நேராக உச்சியில் ஊற்றித் தேய்த்துக்கொள்பவர்கள் அந்த ஆய்வின் பெயரைச் சொல்லிக்கொள்ள இடமில்லை. தோல்நோய் மருத்துவரிடம் காட்டி இது புழுவெட்டுதான் என்று உறுதிசெய்துகொண்ட பின், அவர் தரும் மருந்தோடு இந்த அளவில் தேய்த்துப் பார்ப்பதில் பெரிய தீங்கு இல்லை.

கேள்வி: முகப்பருவுக்குத் தைம், பென்சாயில் பெராக்சைடு களிம்பைவிடச் சிறந்தது என்று செய்தியில் படித்து, பஞ்சில் தொட்டு முகத்தில் வைத்தேன். இரண்டே நாளில் கன்னம் சிவந்து தோல் உரிந்துவிட்டது. நான் செய்ததில் என்ன தவறு? — கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: செய்தியின் பாதியை உங்களுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் மேல்தான் தவறு. 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தினர் டப்ளினில் நடந்த ஒரு நுண்ணுயிரியல் மாநாட்டில் படித்த ஆய்வு அது. அவர்கள் பயன்படுத்தியது தைம் இலையை மதுசாரத்தில் ஊறவைத்து வடிகட்டிய சாறு. அதைச் சோதித்ததும் ஆய்வகத்தில், பருவுக்குக் காரணமான பாக்டீரியாவின் மேல். மனித முகம் அந்தச் சோதனையில் இடம்பெறவே இல்லை. தைமால் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைச் சிதைத்துக் கொல்லும். நம் தோலின் செல்களுக்கும் சவ்வு உண்டு என்பதை அந்தச் செய்தி நினைவுபடுத்தியிருக்கலாம்.

முகத்தில் இனி எதையும் தடவாமல், வாசனை சேர்க்காத சாதாரண ஈரப்பதக் களிம்பு மட்டும் போட்டுக்கொண்டு வெயிலைத் தவிர்த்துவாருங்கள். ஒரு வாரத்தில் தணியாவிட்டாலோ கொப்புளமோ நீரோ கண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தைம் எண்ணெயைக் கலந்துகூட முகத்தில் போட நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மூட்டு வலிக்குத் தேய்ப்பதானால் எந்த எண்ணெயில், எத்தனை சொட்டுக் கலக்க வேண்டும்? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: தைமால் வகைக்குத் தோலில் பூசும் உச்ச வரம்பாக நறுமண எண்ணெய்த் துறையில் கொள்ளப்படுவது 1.3 சதவீதம். வீட்டில் அளப்பவர்கள் ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 10 மில்லிலிட்டர் நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ இரண்டு சொட்டு என்றால் அந்த அளவு வந்துவிடும். இரண்டு டீஸ்பூன் எண்ணெய் ஏறத்தாழ 10 மில்லிலிட்டர். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியில் 10 என்ற கோடு வரை ஊற்றினாலும் சரி. புட்டியின் வாயில் சொட்டு அடைப்பான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திறந்த வாயோடு இருக்கும் புட்டியைச் சாய்த்தால் இரண்டு சொட்டு விழ வேண்டிய இடத்தில் அரை டீஸ்பூன் கொட்டிவிடும்.

கலந்ததை முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு அளவு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் பயன்படுத்தலாம். தோலில் எரிச்சல் எடுத்தால் உடனே தண்ணீரை ஊற்றித் தேய்ப்பது பலரும் செய்வது. நறுமண எண்ணெய் நீரில் கரையாது என்பதால் அது பரவத்தான் செய்யும். சமையல் எண்ணெயை நிறையத் தடவித் துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெயைத் தேடாமல், ஓடும் குழாய் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குளிக்கும் வாளி நீரில் சொட்டுவிடும் வழக்கத்தையும் இதே காரணத்தால் தவிர்க்கலாம். மேலே மிதக்கும் துளி கலக்காத எண்ணெயாகவே உடலில் ஒட்டும். அது எந்த இடத்தில் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை.

மூட்டு வலி இதனால் தீருமா என்று நீங்கள் கேட்கவில்லை. தேய்க்கும்போது உண்டாகும் சூடும் பிடித்துவிடும் கையும் சற்று இதம் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நீரிழிவு நோயாளிகள் பாதத்தில் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும். உணர்ச்சி மங்கிய காலில் எரிச்சல் தெரியாது. புண்ணாகிய பின்தான் தெரியும்.

கேள்வி: ஈறு வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைப்பதுபோலத் தைம் எண்ணெய் வைக்கலாமா? — வாசகர், விழுப்புரம்

பதில்: வைக்க வேண்டாம். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் தைமால் உண்டு என்பது சரியே. லிஸ்டரின் கொப்பளிப்பு நீரில் அது 0.064 சதவீதம் மட்டும். உங்கள் புட்டியில் இருப்பது அதைப்போல ஏறத்தாழ 600 முதல் 850 மடங்கு. ஈறு வெந்துபோகும். கிராம்பு எண்ணெயும் இப்படிப் புண்ணாக்கக்கூடியதே. பல் மருத்துவரிடம் போகும் வரைக்கும் வெதுவெதுப்பான உப்புநீர் போதுமானது.

கேள்வி: கொசுவை விரட்டவும் தரை துடைக்கவும் தைம் எண்ணெயைப் பயன்படுத்துகிறோம். வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. இதனால் ஏதும் தொந்தரவு உண்டா? — வாசகி, புதுச்சேரி

பதில்: பூனைக்கு உண்டு. ஃபீனால் இனப் பொருள்களைக் கல்லீரலில் மாற்றி வெளியேற்றும் திறன் பூனைக்கு மிகக் குறைவு. நமக்கும் நாய்க்கும் எளிதாகக் கழியும் அளவு அதன் உடலில் தேங்கிவிடும். தரையில் நடந்த பாதத்தை அது நக்கும், உடலையும் நக்கியே சுத்தம் செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். தரை துடைக்கத் தைம் எண்ணெயை விட்டுவிடுங்கள்; பூனை இருக்கும் அறையில் மின்சார வாசனைக் கருவியிலும் விட வேண்டாம். கூண்டுப் பறவைகள் வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பூனை இல்லாத வீட்டிலும், வாளித் தண்ணீரில் நான்கு சொட்டு விட்டுத் துடைத்தால் வாசனைதான் கிடைக்கும். தைமாலை முதன்மைப் பொருளாகக் கொண்ட கிருமிநாசினிகள் அமெரிக்காவில் முறையாகப் பதிவாகி விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் தைமால் நீரில் சீராகக் கலக்கும்படி தயாரிக்கப்பட்டிருக்கும், குறிப்பிட்ட நிமிடங்கள் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நம் வாளியில் இரண்டும் நடப்பதில்லை.

கொசுவைப் பொறுத்தவரை, தைம் எண்ணெய் சிறிது நேரம் விரட்டும், பிறகு ஆவியாகிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு தேவையில்லை என்று விலக்கு அளித்த பொருள்களின் பட்டியலில் இது இருப்பதை விற்பனையாளர்கள் சான்றிதழ்போலக் காட்டுகிறார்கள். ஆபத்து குறைவு என்பதற்காக அளித்த விலக்கு அது. கொசுவை விரட்டும் திறனை மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் அதனோடு சேர்ந்தே நீங்கிவிடுகிறது. டெங்கு பரவும் மாதங்களில் கொசுவலை, தேங்கிய நீரை அகற்றுவது, டீட் அல்லது பிக்கரிடின் என்னும் கொசுவிரட்டி கலந்த களிம்பு ஆகியவற்றையே நம்புங்கள்.

தைமால் உண்மையிலேயே வேலை செய்யும் ஒரு பூச்சிப் போர் தேனீக்கூட்டில் நடக்கிறது. வரோவா என்ற உண்ணி தேனீக்களின் மேல் ஒட்டிக்கொண்டு கூட்டையே அழிக்கும். அதற்கு ஐரோப்பியத் தேனீ வளர்ப்பாளர்கள் தைமால் கலந்த கூழைத் தட்டில் வைத்துக் கூட்டுக்குள் வைக்கிறார்கள். ஆவி மெல்லப் பரவ வேண்டும் என்பதால், வெளியே வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் பருவத்தில் அது சரியாகப் பயன் தருவதில்லை.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. தைம் எண்ணெயை அறையில் மணக்க விடலாமா? — வாசகி, சேலம்

பதில்: உட்கொள்வதும் உடலில் தேய்ப்பதும் வேண்டாம். சன்னல் திறந்திருக்கும் அறையில் எப்போதாவது சிறிது நேரம் மணப்பதால் தீங்கு என்று சொல்ல ஆதாரம் இல்லை; குமட்டல் வந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். சமையலில் சேரும் இலைக்குத் தடை கிடையாது.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழந்தை அலமாரியிலிருந்த தைலப் புட்டியை எடுத்து வாயில் வைத்துவிட்டது. நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. அப்படி நேர்ந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டையில் விரல் விடுவதும் உப்புக் கரைசல் புகட்டுவதும் நம் ஊர்களில் கை தானாகச் செய்யும் முதலுதவி. நறுமண எண்ணெய் விஷயத்தில் அதுவே பெரிய ஆபத்து. இந்த எண்ணெய்கள் மிக மெல்லியவை. வாந்தியோடு மேலே வரும்போது ஒரு சிறு பகுதி மூச்சுக்குழலுக்குள் வழுகிப் போனாலும் நுரையீரல் வெந்து வீங்கிவிடும். பாலோ நெய்யோ கொடுத்து விஷத்தை முறிக்கவும் முயல வேண்டாம். கொழுப்பு தைமாலைக் கரைத்து உடலுக்குள் ஏற்றும் என்பதை மேலே பார்த்தோம்.

குழந்தை விழிப்போடு இருந்தால் வாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, உட்கார்ந்த நிலையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே எந்த எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் முதலில் கேட்பார். இருமல், இளைப்பு, தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் கடத்தக் கூடாது. எதுவும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

புட்டியை மருந்துகளோடு சேர்த்து, குழந்தையின் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். பழைய இருமல் மருந்துப் புட்டியிலோ குடிநீர்ப் புட்டியிலோ மாற்றி ஊற்றி வைக்கவே கூடாது. பிளாஸ்டிக்கையும் இந்த எண்ணெய் நாளடைவில் அரித்துவிடும். அது வந்த பழுப்புக் கண்ணாடிப் புட்டியே அதற்கு ஏற்ற இடம்.